ஒட்டே இல்லாத துண்டு

அந்தப் பாட்டில் கழுவும் ஆலையில் பெல்ட் அறுந்தால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: "ஒட்டு விட்டுச்சு." கண்ணாடிச் சில்லு கிழித்து அறுந்தாலும் ஒட்டு விட்டுச்சு, உருளை சிக்கி அறுந்தாலும் ஒட்டு விட்டுச்சு. பதினோரு வருடமாக ஒட்டுப் போடுகிறவளுக்கு ஒட்டக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பழி வந்து விழும் இடம் அவள் தலைதான்.

மூன்று மாதத்தில் வெந்நீர்க் கழுவுத் தொட்டியின் பெல்ட் நாலு தடவை அறுந்தது. நாலாவதற்கும் அவளே புதுப் பெல்ட் மாட்டினாள். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"இன்னொரு தடவை ஒட்டு விட்டுச்சுன்னா இந்த வேலை வெளியாளுக்குப் போயிடும்மா. நீங்க பாட்டில் அடுக்குற பக்கம் போயிடுங்க."

அவள் போடும் ஒட்டைப் பார்த்தவன் அப்படிப் பேசுவானா? விரல் பருமனான பெல்ட்டின் இரு முனையையும் நேராக வெட்டிச் சூட்டுத் தகட்டில் வைப்பாள். பெல்ட்டின் பாலியூரித்தேன் பிளாஸ்டிக் உருகிப் பாகுபதம் வந்ததும் முனையோடு முனையை அழுத்தி, இருநூறு எண்ணும்வரை அசைய மாட்டாள். ஆறியபின் பிதுங்கியதைச் சீவிவிட்டால், ஒட்டு எங்கே என்று அவளே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அறுந்த பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒட்டு கல்லுக்குண்டாக இருந்தது. அறுந்திருந்தது ஒரு சாண் தள்ளி. அந்த இடத்தை நகத்தால் கீறினால் பழைய சோப்பு போல உதிர்ந்தது.

நேரே ஸ்டோருக்குப் போனாள். அங்கே இருப்பவன் அவள் கொழுந்தன்.

"தம்பி, எனக்கு எந்த ரோல்லேருந்து வெட்டித் தர்றே?"

"பச்சை வேணும்னு கேக்குறீங்க, பச்சையைத் தர்றேன் அண்ணி. ரெண்டு ரோல் இருக்கு, ரெண்டும் பச்சைதானே. எது கைக்கு வருதோ அது."

இரண்டும் ஒரே பருமன், ஒரே வழவழப்பு. ஒன்றின் அட்டையில் பாலியீதர் வகை என்றிருந்தது. மற்றதில் பாலியெஸ்டர் வகை; அடியில் பொடி எழுத்தில், வெந்நீருக்கு ஆகாது என்று ஒரு வரி. பெல்ட்டை நிறம் சொல்லியே கேட்டுப் பழகிய ஆலை அது. அவளும்தான் அப்படிக் கேட்டாள். அதை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. புதிதாக வெட்டிய முனை மற்றதில்தான் இருந்தது; தொட்டியில் அன்று மாட்டியதும் அந்த ஆகாத ரோல்தான்.

"இப்பவே மாத்திடலாம் சார், பெல்ட்டே தப்பு" என்று ஓடிப்போய்ச் சொன்னாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். லைனை நிறுத்த முடியாதும்மா."

அவள் ஸ்டோருக்குத் திரும்பினாள். இரண்டு ரோலிலிருந்தும் ஒரு முழம் வெட்டி, கம்பியில் கட்டி, அன்றே தொட்டியின் காரத் தண்ணீருக்குள் தொங்கவிட்டாள்.

இருபத்துமூன்றாம் நாள் லைன் நின்றது. மேனேஜரே இறங்கி வந்துவிட்டார்.

"சொன்னேன்ல சார், ஒட்டு விட்டுச்சு" என்றார் சூப்பர்வைசர்.

ஒட்டக்கா கம்பியை இழுத்து, இரண்டு துண்டையும் கழுவித் துடைத்து சூப்பர்வைசர் கையிலேயே கொடுத்தாள்.

"ரெண்டும் இந்தப் பெல்ட்டோட ஒரே நாள் தண்ணிக்குள்ள போனது. இழுங்க சார்."

முதல் துண்டு நீண்டு, திரும்பும்போது அவர் விரலிலேயே சுளீரென்று அடித்தது. இரண்டாவது இழுத்த மாத்திரத்தில் படக்கென்று இரண்டாகப் போனது.

"அதுல ஒட்டே இல்ல சார்" என்றாள். "இப்ப என்ன விட்டுச்சு?"

சூப்பர்வைசர் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார். மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"கூடம்தான் சார் கோணல்" என்றாள். பதினோரு வருடத்துப் பாரம் இறங்கியது போலிருந்தது அவளுக்கு.

கொழுந்தன் ரோலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "அண்ணி, பாலியீதர்" என்றான், பச்சை என்று சொல்லவில்லை. அவள் வெட்டினாள், தகட்டில் வைத்தாள், முனையோடு முனையை அழுத்தினாள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணத் தொடங்கினார் சூப்பர்வைசர். இருநூறு வரை அவர்தான் எண்ணினார்.