குடும்பத்தாருக்கு மூன்று நாற்காலி

பெரிய சிஸ்டர் நினைவு விருது எந்த ஊழியருக்கு என்பது மேடையில் அறிவிக்கும்வரை பரம ரகசியம். பள்ளியை நடத்தும் தலைமை சிஸ்டருக்குத் தெரியும், தேர்வுக்குழுவில் இருக்கும் பாதருக்குத் தெரியும், போன் போட்டு வரவழைக்கப்படும் குடும்பத்துக்குத் தெரியும். இவர்களைத் தவிர அட்டெண்டருக்கும் தெரியும்.

யாரும் அவரிடம் சொல்வதில்லை. ஆனால் நாற்காலி போடுவது அவர்தானே! விழாவுக்கு முதல் நாள் தலைமை சிஸ்டர் வந்து, முன்வரிசையில் விருது பெறுபவரின் குடும்பத்தாருக்கு இத்தனை நாற்காலி என்று சொல்லிவிட்டுப் போவார். அது போதும் அவருக்கு. ஒரு வருஷம் ஏழு என்றார். வீட்டில் ஏழு பேர் இருப்பது கணக்கு வாத்தியாருக்குத்தான். இன்னொரு வருஷம் ஒன்று. ஹாஸ்டல் சமையல்காரம்மாவுக்கு ஒரு தம்பியை விட்டால் நாதியில்லை. ஒன்பது வருஷத்தில் எட்டு முறை சரியாகச் சொல்லி, வாட்ச்மேனிடம் எட்டு டீ ஜெயித்திருக்கிறார். தவறிய ஒரு முறையும் அவர் தப்பில்லையாம். பி.டி. மாஸ்டருக்கு இரட்டைக் குழந்தை பிறந்து, பார்த்துக்கொள்ள மாமியார் வந்து தங்கியதை யாரும் சொல்லித் தொலைக்கவில்லையாம்.

மணி அடித்து, நாற்காலி போட்டு வந்தவருக்கு இந்த வருஷம் பரீட்சை முடிந்ததும் ஓய்வு. விருது மேல் ஆசை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும், அவ்வளவு ஆசை. அவரை வேலைக்குச் சேர்த்ததே, அப்போது தலைமை சிஸ்டராக இருந்த பெரிய சிஸ்டர்தான். முதல் நாளே, பெஞ்சுக்கு அடியில் ஒட்டியிருந்த பபிள்கம்மைச் சுரண்டச் சொல்லி ஒரு மொட்டைக் கத்தியைக் கையில் கொடுத்து, இன்னொரு கத்தியோடு தானும் பக்கத்தில் குனிந்த மகராசி. அவர் படத்துக்குக் கீழே, விருது பெற்றவர்களின் பெயர்ப்பலகை வராந்தாவில் மாட்டியிருக்கிறது. திங்கள்தோறும் அதைத் துடைப்பவர் இவர். காலியாக இருக்கும் பத்தாவது வரியில் தன் பெயர் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று விரலால் அளந்தும் பார்த்திருக்கிறார்.

வீட்டில் இருப்பது மனைவி ஒருத்திதான். ஆகவே சிஸ்டர் வாயிலிருந்து 'ஒன்று' வரவேண்டும்.

"மூணு போடுங்க" என்றார் சிஸ்டர்.

"மூணா சிஸ்டர்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"மூணுதான். ஏன், நாற்காலி பத்தலையா?"

"அதெல்லாம் நெறைய இருக்கு சிஸ்டர்" என்றார்.

சிஸ்டர் போனதும் வாட்ச்மேன் ஓடிவந்தான். "யாருண்ணே?"

"லைப்ரரி மேடம். புருஷன், மாமியார், பையன். மூணு."

"உங்களுக்குத்தான்னு நெனச்சேனே!"

"எனக்குன்னா ஒண்ணுல்ல வரணும்?"

"ஏண்ணே, உங்க பொண்ணு..."

"ஒண்ணுன்னு சொன்னேன்ல! போய் கேட்டப் பாரு."

மகள் பேச்சை எடுத்தால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏ.சி. மெக்கானிக் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். பையன் குணத்தில் குறையில்லை. அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "எனக்குப் பொண்ணே பொறக்கலன்னு நெனச்சுக்கறேன்" என்று கதவைச் சாத்தினார். அன்றோடு அவளைக் கணக்கில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார். மனைவி கொல்லைப்புறம் போய் மகளிடம் போனில் பேசுவாள். பேத்தி பிறந்ததும், தவழ்ந்ததும், நேற்று வாளிக்குள் போனைப் போட்டதும் இவருக்குத் தெரியும். காது என்ன செவிடா?

மறுநாள் காலை, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நீட்டினாள் மனைவி.

"நாற்காலி தூக்கறவனுக்கு எதுக்குடி வெள்ளைச் சட்டை?"

"ஒரு நாளாவது கேள்வி கேக்காமப் போட்டுட்டுப் போங்களேன்!"

போட்டுக்கொண்டு போனார். ஜெபம் முடிந்தது. பின்கதவோரம் நின்றபடி, லைப்ரரி மேடத்துக்காகக் கை தட்டத் தயாரானார். வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் நல்ல பொம்பளை. பாதர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இருபத்தாறு வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துல மணி ஒரு நிமிஷம் தப்பினதில்ல" என்று ஆரம்பித்தார். லைப்ரரிக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம் என்று இவர் யோசிப்பதற்குள் பக்கவாட்டுக் கதவு திறந்தது.

முதலில் வந்தது மனைவி. அவளுக்குப் பின்னால் மெக்கானிக். கடைசியாக மகள், இடுப்பில் குழந்தையோடு.

மைக்கில் அவர் பெயர் ஒலித்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் ஹால் அதிர்ந்தது. அவருக்கோ ரத்தம் கொதித்தது. யாரைக் கேட்டு இவளைக் கூப்பிட்டார்கள்? மகள் இவரைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளிறிப்போனது. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மடியில் இருக்க மாட்டேன் என்று குழந்தை வழுக்கி இறங்கி, நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அட்டெண்டர் திரும்பிப் பின்கதவு வழியாக வெளியே நடந்தார்.

உள்ளே கைதட்டல் பிசுபிசுத்து அடங்கியது. வராந்தாவில் பெயர்ப்பலகையைத் தாண்டினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே கேட்டுக்குப் போனார்.

வாட்ச்மேன் பதறினான். "எங்கண்ணே கெளம்பிட்டீங்க? உங்க பேரத்தான் கூப்பிடறாங்க!"

அவர் கேட்டுக்கு வெளியே தெருவைப் பார்த்தார். வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம், அந்தக் கலை அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்தப் பொடிசு கண் முன்னாலேயே நின்றது. இருபத்தாறு வருஷத்தில் அவர் போட்ட வரிசையில் யாரும் உட்கார இடமில்லாமல் நின்றதில்லை.

"எல்.கே.ஜி. ரூம் சாவியக் குடுடா" என்றார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு குட்டிச் சிவப்பு நாற்காலி இருந்தது. ஹாலே அவரைத்தான் பார்த்தது. மகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். அவர் நேராக முன்வரிசைக்கு வந்து, நாற்காலியைக் குழந்தைக்குப் பக்கத்தில் போட்டு, இஸ்திரி போட்ட சட்டைக் கையாலேயே அதைத் துடைத்தார். குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது.

"மூணுன்னுதான் சொன்னாங்க" என்றார் மகளிடம். நாலு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு. "நாலு பேரு வர்றோம்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா வர விட்டிருப்பீங்களாப்பா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றார். கோயில் மாதிரி இடத்தில் பொய் சொல்லக்கூடாதல்லவா! "உக்காரு. இறங்கி வந்து பேசிக்கறேன்."

மேடைப் படி ஏறினார்.