ஐந்து கை மாறிய சிவப்புக் கார்

சிவப்புக் கார் மறுபடியும் பட்டறை வாசலில் வந்து நின்றதும் பட்டறைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தக் காலத்திலோ பந்தயத்தில் ஓடிய ஒரு காரைப் பார்த்து, ஃபைபரில் உடம்பு வார்த்து, அச்சு அசலாக அவர் கையால் செய்த நகல் அது. எட்டு வருஷத்தில் ஐந்து பேர் வாங்கி, ஐந்து பேரும் தள்ளிவிட்டார்கள்.

ஓட்டிவந்தவன் அவர் மனைவியின் தம்பி, கார் புரோக்கர். இரண்டு பேருக்கும் எந்த நாளும் ஆகாது.

"நாலு மணிக்குப் புது ஆள் போன் பண்ணுவாரு மாமா. ஏன் அஞ்சு கை மாறுச்சுன்னு செஞ்சவர் வாயாலயே கேக்கணுமாம். பதில் பிடிச்சா இதை எடுத்துக்குவாரு, தன் தம்பிக்கும் புதுசா ஒண்ணு செய்யச் சொல்வாரு. இல்லேன்னா நீங்க ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான்."

"நீ கண்டவன் தலையில கட்டினா கை மாறாம என்ன செய்யும்?"

"தெருமுனைப் பட்டறைக்காரர் செய்யற காரையும் நான்தான் விக்கிறேன். அதெல்லாம் போன இடத்துல இருக்கு. உங்களுது மட்டும்தான் புகுந்த வீட்டுல தங்க மாட்டேங்குது."

தெருமுனைக்காரன் செய்வதெல்லாம் ஒரு காரா? கதவு இடுக்கில் கட்டைவிரல் நுழையும். இவர் கதவில் காகிதம்கூட நுழையாது. ஆனாலும் முதல் ஆள் நிறுத்த இடமில்லை என்றார். அடுத்தவருக்கு முதுகுவலி. ஒருவருக்குக் குழந்தை பிறந்தது, ஒருவருக்கு வேலை மாற்றல். ஐந்தாமவர் வாயே திறக்கவில்லை. எல்லாம் புளுகு என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

"சாவியைக் கொடு, ஓட்டிக் காட்டறேன்."

"நீங்க ஓட்டாததா? நான் ஓட்டறேன், பக்கத்துல உக்காருங்க."

அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. சோதனை ஓட்டத்துக்குத் தனியாகத்தான் போவார். பக்கத்தில் ஆள் இருந்தால் எஞ்சின் பேசுவது கேட்காது என்பார்.

ஐந்தாவது நிமிஷம் பாதம் சுட்டது. சைலன்ஸர் குழாய் அந்தப் பக்கத் தரைக்கு அடியில்தான் போகிறது. அவரே வளைத்து, அவரே பற்றவைத்த குழாய். காலை நகர்த்த இடமில்லை. பத்தாவது நிமிஷம் செருப்பின் அடி இளகித் தரையில் ஒட்டியது.

"வசதியா இருக்கா மாமா? நிறுத்தட்டுமா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுடா."

"வாங்கினவங்க சம்சாரம் ஒருத்தரும் ரெண்டாவது தடவை ஏறல. பொண்டாட்டி ஏற மாட்டேங்குறான்னு எவன் வெளியில சொல்லுவான்? முதுகுவலின்னுதான் சொல்லுவான்."

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தியா?"

"சொன்னா நீங்க கேக்கற ஆளா? விஷயம் தெரிஞ்சாத்தானே போன்ல ஒழுங்கா மறைப்பீங்க. அதுக்குத்தான் இன்னிக்கு உக்கார வெச்சேன்."

அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. பட்டறையில் இறங்கி நொண்டிக்கொண்டே உள்ளே போனார். சொன்ன நேரத்துக்கு போன் அடித்தது. மைத்துனன் ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினான். மறைத்துப் பேச நாக்கைத் தயார் செய்துகொண்டுதான் வாங்கினார். ஆனால் அவன் முகத்தில் இருந்த இளிப்பைப் பார்த்ததும் வீம்பு வந்துவிட்டது.

"பக்கத்துல உக்கார்றவங்க கால் வேகும் சார். தப்பு என்னோடது. அதை மறைக்கச் சொல்றது உங்க புரோக்கர்."

மைத்துனன் முகம் செத்தது. அதைப் பார்க்க அவருக்கு நிறைவாக இருந்தது.

"எட்டு வருஷமா உங்களுக்கே தெரியாதா?" என்றது குரல். "உங்க வீட்டம்மா ஏறினதே இல்லையா?"

"முதல் நாள் ஒரு தடவை ஏறினா."

"ஒண்ணும் சொல்லலையா?"

சொன்னாள். சுடுது என்றாள். பேசாம வா என்று அதட்டினார். அதட்டியது நன்றாக நினைவிருந்தது.

"சொல்லியும் நீங்க கேக்கலை போல. வேணாங்க, விடுங்க," என்று குரல் போனை வைத்தது.

மைத்துனன் சாவியை மேஜையில் வீசினான்.

"அக்கா வலது பாதத்துல தழும்பு இருக்கு மாமா," என்றான். "வீட்டுக்குப் போனா பாருங்க. இதுவரைக்கும் பாத்திருக்க மாட்டீங்க."