விற்க வாங்கிய மனை

ஜும்ஆ தொழுகை முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் தொழுகை அறையில், வசதியுள்ளவர்களிடம் ஜகாத் என்னும் கட்டாய தர்மத்தை வசூலித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் சதக்கத்துல்லா காக்கா பேசிக்கொண்டிருந்தார். நான் கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தேன். சுவரில் சாய்ந்து பாதித் தூக்கம்.

“குடியிருக்க வாங்குன மனைக்கு ஜகாத் இல்ல. விக்கணும்னே வாங்கிப் போட்டா அது சரக்கு. வருஷா வருஷம் அன்னைக்கு உள்ள விலையில ரெண்டரை சதவீதம் குடுக்கணும்.”

தூக்கம் போய்விட்டது.

மூன்று வாரம் முன்பு இதே அறையில் அவர் என்னிடம் தொள்ளாயிரம் யூரோ கொடுத்தார். ஜகாத் பணம். கொடுக்கும் முன் கேட்டார்: “நூஹு, உன் பேர்ல சொத்து எதுவும் இருக்கா?”

“இல்ல காக்கா.”

படிப்பை விட்டு ஒரு வருடம். ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாக்கிக்குக் கடிதம் மேல் கடிதம். அன்றே கட்டிவிட்டேன். ஆனால் பட்டுக்கோட்டை சாலையில் என் பெயரில் ஒரு மனை இருக்கிறது. இங்கே படிக்க வருவதற்கு முன் சென்னையில் வேலை பார்த்த காசில் நானே வாங்கியது. மண்ணுக்கு ஜகாத் இல்லை என்பார்கள் ஊரில். அதனால் அதைச் சொத்தாகவே நினைக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் விலை ஏறட்டும் என்று காத்திருந்தேன்.

ஏழைக்கு உரியதைத் தின்றிருக்கிறேன். நரகத்தை நம்புகிறேனா என்று தெரியாது. ஆனாலும் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெளியே வந்து வாப்பாவுக்கு போன் போட்டேன்.

“வாப்பா, அந்த மனை வீடு கட்டத்தானே வாங்குனேன்?”

“வீடா? மூணு வருஷத்துல டபுள் ஆகும்னு குதிச்சவன் நீதானேடா. ஏன்?”

“யாராச்சும் கேட்டா வீடு கட்டன்னு சொல்லுங்க.”

“யாரு கேக்கப் போறா?”

போனை வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் டிராமில் காக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவை பெல்லில் விரலை வைத்து எடுத்தேன். மூன்றாவது தடவை அழுத்தினேன்.

“வா வா. இன்ஷூரன்ஸ் கட்டியாச்சா? ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?”

“காக்கா, எனக்கு ஊர்ல ஒரு மனை இருக்கு.”

அவர் சிரிப்பு நின்றது. “எதுக்கு வாங்குனது?”

வீடு கட்ட என்றால் போதும். ஜெர்மனியில் யாரும் சரிபார்க்க முடியாது. எந்த நிய்யத்தில், என்ன எண்ணத்தில் வாங்கினோம் என்று பத்திரத்தில் எழுதுவதில்லை.

“விக்க.”

காக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்ப நீ வாங்குற ஆள் இல்ல, குடுக்குற ஆள். எத்தனை வருஷம்?”

“ஆறு.”

“அல்லாஹ்வே.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உனக்குக் குடுத்த மறுநாள் ஒரு பையன் வந்தான்டா, ஹபீப்னு. ரூம் வாடகைக்குக் கேட்டான். பணம் தீந்துபோச்சுன்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

“இப்ப எங்க இருக்கான்?”

“தெரியல. போன் ஆஃப்ல இருக்கு.”

அவரிடம் அந்த எண்ணை வாங்கிக்கொண்டேன். படியில் இறங்கும்போது வாப்பாவுக்கு எழுதினேன்: ‘மனையை வர்ற விலைக்கு வித்துடுங்க.’ பிறகு ஹபீபுக்கு போன் அடித்தேன். ஆஃப். நிறுத்தத்தில் டிராம் வந்தது, ஏறவில்லை. திரும்ப அடித்தேன்.