ஒரு ஆளுக்கு மட்டும் நீளும் கூரை

ஆஷ்மியர் ஸ்டேஷனின் பிளாட்பாரக் கூரை, மழை நாட்களில் மிசஸ் பெர்ல் டாட்வெல்லுக்காக மட்டும் இரண்டடி நீளும். லண்டனுக்கு மின்சார ரயில் விட்ட வருடம் கட்டிய ஸ்டேஷன் அது. முதலில் அரை மணிக்கு ஒரு வண்டி, பிறகு கால் மணிக்கு ஒன்று. போருக்குப் பின் டீக்கடை வந்தது. கூரை நீள ஆரம்பித்ததும் அப்போதுதான். வருடக்கணக்காக ஒரே இடத்தில் அருகருகே நின்று, ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குப் போகிறவர்களின் ஊர் அது. கூரை நீளும்போது எல்லோரும் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்கள். அங்கே அதுதான் மரியாதை.

அவள் புருஷன் கிளிஃபர்டுக்கு மட்டும் வயிறு எரிந்தது. ஊரெல்லாம் கூரை போடுவது அவன் தொழில். அவன் வீட்டுப் படுக்கையறை ஒழுகியது. வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டே பெர்ல் ஒரு நாள் சொல்லியும் விட்டாள். "கோவிச்சுக்காத கிளிஃப். கூரைன்னா ஸ்டேஷன்ல இருக்கு பாரு, அதான் கூரை." அதன்பின் மழை மாலைகளில் ரயிலை விட்டு இறங்கியவள் அங்கேயே டீ குடித்தபடி நின்றாள். முதலில் அடுத்த வண்டி வரும்வரை, பிறகு விளக்குப் போடும்வரை. இன்னொரு ஆம்பளை என்றால் சட்டையைப் பிடிக்கலாம். தகரத்தோடு என்ன சண்டை போடுவது? ஒரு நாள் அவள் வராமலே போய்விடுவாள் என்று பயந்தான்.

கூரையை அறுத்துவிடுவதென்று முடிவெடுத்து, ஸ்டேஷன் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ஊர்க்காரர்களின் கூட்டத்தில் சேர்ந்தான். பூவாளியும் ஏணியுமாகப் போகிறவனை அந்த ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ரம்பத்தோடு ஏறியவன், தொழில் பழக்கத்தில் தகரத்தின் மூட்டுகளை அடியிலிருந்து தடவிப் பார்த்தான். பொறாமையை மீறி வாயில் வந்துவிட்டது: "எவன் போட்டானோ, நல்லாத்தான் போட்டிருக்கான்."

அப்போது மழை பிடித்தது. கூரை ஏணிப் பக்கமாக நீண்டது. அவன் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. கீழே, வண்டியிலிருந்து இறங்கி வழக்கமான இடத்தில் நின்ற பெர்ல் தொப்பலாக நனைந்தாள்.

"இத்தனை வருஷம் எனக்குன்னு இருந்தது," என்றாள். "வந்த அன்னிக்கே மயக்கிட்டியா?"

அவள் முகத்தில் இருந்த எரிச்சலை அவன் உடனே அடையாளம் கண்டுகொண்டான்; இத்தனை நாள் அவனிடம் இருந்த அதே பொறாமை. அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ரம்பத்தைப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றான்.

பிறகு டீக்கடை மூடியது, டிக்கெட் கொடுக்க மெஷின் வந்தது. கூரை இன்றும் இரண்டடிதான் நீளும், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு. அதனால் இருவரும் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மற்றவர்கள் பேப்பரை உயர்த்திக்கொள்கிறார்கள். அவர்கள் படுக்கையறை இன்னும் ஒழுகுகிறது. மழை நாளில் அங்கே யாரும் இருப்பதில்லை.