ஒரு மணிக்கு ஒரு வீடு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் எங்கள் வீடு தெருவில் ஒரு வீட்டுத் தூரம் முன்னால் போயிருந்தது. உள்ளே ஒரு தம்ளர்கூட ஆடவில்லை. அப்பா கதவைத் திறந்தார். தையல் கடை இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் கடை இருந்தது. நாம்தான் தப்பான வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறோம் என்று நினைத்து மறுபடியும் சாத்திக்கொண்டார்.

புதன்கிழமை இன்னொரு வீடு. வியாழன் இன்னொன்று. நாங்கள் இருந்தது தெருவின் மேல் முனையில்; கீழ் முனையில் ஆறு; நடுவில் பக்கத்துக்கு ஒன்பது வீடு. நகராட்சி ஆள் நாடா பிடித்து அளந்து, மண் இளகியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். குழாய்க்காரர் தினமும் ஒரு துண்டுக் குழாய் கூடுதலாக இணைத்தார். சைக்கிள்காரர்கள் வீட்டைச் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள். தபால்காரர் மட்டும் சலித்துக்கொண்டார். "ஒரு எடத்துல இருக்க மாட்டீங்களாம்மா? என்னைப் பாத்துக் குரைக்கிற நாய்கூட ஒரே எடத்துலதான் நிக்குது."

வீடு ஏன் போகிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா படகு மோட்டார் மெக்கானிக். அந்த மாதம் ஓடக்காரர் ஒருவர் என்னைவிட வயதான மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். அம்மா கடைசி போல்ட் வரை கழற்றி, ஒட்டிப்போன பழைய கேஸ்கெட் அட்டையையெல்லாம் பிளேடால் சுரண்டி, புது ரிங், புது சீல் போட்டு மறுபடி கட்டினாள். அடியில், விசிறி மாட்டும் ஷாஃப்டில், ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையம் இரண்டு முதுகோடு முதுகு ஒட்டி உட்காரும். உள்ளே பார்ப்பது ஆயிலை வெளியே விடாது. வெளியே பார்ப்பது தண்ணீரை உள்ளே விடாது. அதை முதல்முறையாக என்னிடம் விட்டாள். "இது உன் வேலை. நான் திரும்பிப் பாக்க மாட்டேன்." நிஜமாகவே பார்க்கவில்லை. நான் இரண்டையும் உள்ளே பார்க்கும்படி போட்டுவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் மூடி, ஆயில் ஊற்றியாகிவிட்டது.

காலையில் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமா இருக்கிறாரே. அம்மாவின் தம்பி, அவளோடுதான் வேலை பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சீலைத் திருப்பிப் போட்டுவிட்டு, "சரியாத்தான் போட்டேன்க்கா" என்றார். நடு ஆற்றில் பதினோரு பேரோடு படகு நின்றுபோனது. தப்புக்கு அம்மா கோபப்படவில்லை, அந்தப் பொய்க்குத்தான். "இந்த வாசப்படி இனிமே உனக்கில்ல" என்றாள். அவர் மூன்று தெரு தள்ளித் தனியாகக் கடை போட்டார். அம்மா அந்தத் தெருவழியே போவதில்லை. மூடும்போது நானும் "சரியாத்தான் போட்டேன்" என்றுதான் சொல்லியிருந்தேன்.

புதிதாகக் கட்டிய மோட்டாரைக் கொடுக்கும் முன் பத்து மணி நேரம் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். பின்சுவரில் அடித்த பலகையில் மாட்டி, விசிறி இருக்கும் அதன் கால்பகுதியைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி, தினமும் நான்கு மணிக்கு அம்மா ஒரு மணி நேரம் ஓட்டினாள். விசிறி சுற்றியது. டிரம்மில் மிதந்த எறும்பு அசையவில்லை. இரண்டு சீலும் உள்ளே பார்த்தால் மோட்டாருக்கு எது உள், எது வெளி என்று குழம்பிவிடும் போல. டிரம்மைத் தன் வயிறு என்றும், எங்கள் தெருவை ஆறு என்றும் எடுத்துக்கொண்டது. இது சரியா என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டாலே மாட்டிக்கொள்வேன்.

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது. வீடுதான் சரியில்ல" என்றாள் அம்மா.

"கீழ சீலைப் பாத்தியா?" என்றார் அப்பா.

"அதை எதுக்குப் பாக்கணும்? அது இவ போட்டது."

நான் தம்ளரைக் கழுவ எடுத்துப் போனேன்.

ஒன்பது மணி நேரம் முடிந்தபோது வாசப்படிக்குக் கீழே கரை, கரைக்குக் கீழே ஆறு. நீச்சல் தெரியாத அப்பா, நாற்காலியைப் பரணில் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார். கடைசி மணி நேரத்துக்கு மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை அம்மா பிடித்தபோது சொல்லிவிட்டேன்.

"அம்மா, சீல் ரெண்டையும் உள்ள பாத்துப் போட்டுட்டேன்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"ஏன்டி சொல்லல?"

"மாமா..." என்றேன். வாசலைப் பார்த்தேன். இப்போது வெளியே போ என்றால் தண்ணீருக்குள்தான் போக வேண்டும்.

அம்மா பழந்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். "கழட்டினா இது கிழிஞ்சிடும். அந்த அளவு சீல் அவன்கிட்டதான் இருக்கும்" என்று சொல்லி, கியரை ரிவர்ஸில் தள்ளிக் கயிற்றை இழுத்தாள். இந்தமுறை மெதுவாக ஓட்டவில்லை. வீடு தெருவில் பின்னாலேயே ஏறியது. தையல்காரர் சந்தோஷமாக ஓடிவந்து, "வந்துட்டீங்களா!" என்று கேட்பதற்குள் அவர் கடையையும் எங்கள் பழைய இடத்தையும் தாண்டிவிட்டோம். அப்பா பரணிலிருந்து "இடது, இடது" என்று கத்தினார். மூன்று தெரு தாண்டி அம்மா வீட்டை ஒரு வட்டம் அடித்துத் திருப்பி, வாசப்படியை மாமா கடை முன்னால் நிறுத்தினாள்.

மாமா கையில் கார்புரேட்டரோடு எழுந்தார். "கூப்பிட்டாலே வந்திருப்பேனேக்கா. வீட்டையே தூக்கிட்டு வரணுமா?"

"சீல் ரெண்டு எடு."

எடுத்துவந்தவர் வாசப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாடா. அங்க நின்னா மோட்டார் எப்படித் தெரியும்?"

வந்தார். இரண்டு சீலையும் என் உள்ளங்கையில் வைத்தார். "எப்படிப் போடணும்?"

"ஒண்ணு உள்ள. ஒண்ணு வெளிய."

மறுநாள் நான்கு மணிக்கு டிரம்மில் நுரை பொங்கியது. வீடு நின்ற இடத்திலேயே நின்றது. ஓடக்காரர் மோட்டாரை வாங்கிப்போனார். குழாய்க்காரர் புதிதாகப் பள்ளம் தோண்டினார். இனிமேல் இங்கேதானா என்று கேட்டுக்கொண்டு தபால்காரர் எங்கள் கடிதத்தையும் மாமாவின் கடிதத்தையும் சேர்த்தே கொடுத்தார்.