ட்ருகனினாவில் உட்கார்ந்திருப்பவர்

தமிழர் பலர் குடியேறிய வெளிநாட்டுப் புறநகரான ட்ருகனினாவில் சச்சிதானந்தனும் அவர் மனைவி யோகாவும் நடத்தும் அரிசிக் கிடங்குக்குள் ஒரு திங்கட்கிழமை காலை கிரேக்கர்களின் பழைய கடவுளான ஸீயஸ் உட்கார்ந்திருந்தார். நாலு மாடி உயரம், தந்தத்தில் உடம்பு, பொன்னில் உடை, இடது கையில் செங்கோல், வலது உள்ளங்கையில் சிறகு முளைத்த ஒரு பெண் சிலை. பூட்டிய கதவு பூட்டியபடி இருந்தது. எப்படி வந்தார் என்று யாரும் அதிகம் ஆராயவில்லை. சொல்லாமல் வந்து மாதக்கணக்கில் தங்குகிற உறவினர்களை அந்த வட்டாரத்தில் எல்லாரும் கண்டவர்கள்தான். பருப்பு மூட்டைகள் சிம்மாசனத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டனவே என்பதுதான் யோகாவின் முதல் கவலை.

பக்கத்து டயர் கடை ஸ்தவ்ரோஸ்தான் ஆளை அடையாளம் காட்டினார். அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, இவர் எங்கள் ஆள், ஒலிம்பியாவில் இருந்தவர், ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன் தீயில் எரிந்துபோனார் என்று கேள்வி, என்றார். அப்படியானால் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று சச்சிதானந்தன் மரியாதையாகக் கேட்டதும், என் கடைக்கூரை தாழ்வு என்று நழுவிவிட்டார். இட்லி அரிசி வாங்க வந்த விமலா சென்னைக்காரி, கட்டடப் பொறியாளர். லேசர் கருவியை எடுத்து அவரை அளந்து பார்த்தாள். "உட்கார்ந்திருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லக்கா. எந்திரிச்சார்னா கூரை போயிடும்" என்றாள்.

அன்றோடு யோகாவுக்குத் தூக்கம் போயிற்று. கொக்குவிலில் அவள் பிறந்த வீட்டின் கூரையைப் போர்க்காலத்தில் ஒரு மத்தியானம் ஷெல் குண்டு கொண்டுபோனது. அடுப்பிலிருந்த கறியைக்கூட இறக்கிவைக்காமல் ஓடியவர்கள் அவர்கள். பிறகு ஊர் ஊராக அலைந்து, யார் யார் கடையிலோ மாடாய் உழைத்துப் பிடித்த இடம் இந்தக் கிடங்கு. இதுவும் போனால் இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பில்லை. சாமியானால் என்ன, ஆசாமியானால் என்ன, இவர் எழும்பக் கூடாது, அவ்வளவுதான்.

ஸீயஸும் எழும்பவில்லை. இரண்டு வருடம் ஒரு தொல்லையும் தராமல் இருந்தார். வியாபாரம் பெருகிற்று. வந்தவர்களுக்கு அவர் கால் பெருவிரல்தான் எட்டியது. அதற்கே சந்தனமும் குங்குமமும் வைத்து நிரந்தரமாகத் தங்குவதற்கான பி.ஆர். விசா கேட்டார்கள். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. மற்றக் கோயில்களிலும் அப்படித்தான்.

காரியத்தைக் கெடுத்தவள், அளந்து சொன்ன அதே விமலா. மகனுக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் ஒரு தை வெள்ளியன்று தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பட்டு வேட்டி எல்லாம் வைத்துக்கொண்டு வந்து அவர் முன் நீட்டினாள். சாமிக்குப் படைப்பதாக அவள் நினைப்பு. ஆனால் இவ்வளவு காலம் தமிழர் நடுவே இருந்து பழகிய ஸீயஸ் தன்னை விருந்தாளியாகத்தான் எண்ணியிருந்தார். விருந்தாளிக்கு வெற்றிலைத் தட்டு வந்தால், போய் வாருங்கள் என்று அர்த்தம். மானமுள்ள மனிதர், செங்கோலை ஊன்றினார். கூரைத் தகரம் முனகியது, ஆணிகள் கழன்று அரிசிக்குள் விழுந்தன. விமலா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். சச்சிதானந்தன் வாசலுக்கு ஓடினார். அந்த ஓட்டத்தை யோகா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

யோகா ஓடவில்லை. பயமெல்லாம் தீர்ந்து அவளுக்குக் கோபம் வந்திருந்தது. தட்டைப் பிடுங்கி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, அவர் முகம் எட்டாததால் கணுக்காலைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கு ஒரு கூரை போனது காணும், இதையும் போக விடமாட்டன். இருங்கோ. தேத்தண்ணி வைக்கிறன், குடிச்சிட்டுத்தான் எழும்ப வேணும்."

ஒலிம்பியாவில் யாரும் அவரிடம் இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அவர் மறுபடி அமர்ந்தார். தேநீர் வருகிறது என்ற பிறகு எழுந்து போகும் விருந்தாளி எந்தத் தமிழ் வீட்டிலும் இல்லை. கல்யாண அண்டா ஒன்றில் தேநீர் வந்தது. அது குறையக் குறைய யோகா நிரப்பினாள். வருடங்கள் போயின, அந்த ஒரு தேநீர் முடியவில்லை.

போன வசந்தத்தில் மேற்குப் புறநகர்களில் ஒரு புயல் அடித்தது. அந்தத் தெருக் கிடங்குகளின் கூரையெல்லாம் அப்பளமாய்ப் பறந்தன. ஸ்தவ்ரோஸின் தாழ்ந்த கூரையும் தப்பவில்லை. விடிந்து வந்த யோகா காரைவிட்டு இறங்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். சச்சிதானந்தன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்குதப்பா" என்றார். ஸீயஸ் உட்கார்ந்தபடியே செங்கோலைச் சாத்திவைத்துவிட்டு, இடது கையைத் தூக்கி உத்தரத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு தகடுகூட அசையவில்லை. யோகா அவர் காலடியில் நின்று வாய்விட்டு அழுதாள்.

விமலா மறுபடி அளந்து பார்த்து, ஆணி எல்லாம் போய்விட்டது, இப்போது அந்தக் கைதான் கூரையைத் தாங்குகிறது என்றாள். சில மாதம் கழித்துக் கூரை வேலைக்காரர்கள் வந்தார்கள். யோகா அவர்களுக்கு வடை கொடுத்து, பிடித்திருப்பவர் நன்றாகத்தான் பிடித்திருக்கிறார், உங்களுக்கு வேறு வேலை இருக்குமே என்று அனுப்பிவிட்டாள். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை பூட்டியபின் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கணவர் கையில் கொடுத்து, அவரை ஃபோர்க்லிஃப்டில் ஏற்றிக் கடவுளின் தோள் வரை உயர்த்துகிறாள்.

"இஞ்சேருங்கோ, மெல்லமாத் தேயுங்கோ," என்று கீழேயிருந்து சொல்கிறாள். "அந்த மனிசனுக்குக் கை உளையும்."