முடிவு எழுத வராதவள்

...முடிவை முதல் வரியிலேயே எழுதிவிடு, காரணம் பின்னால் வரட்டும், உன் தயக்கத்தையெல்லாம் படிக்க விடைத்தாள் திருத்துகிறவருக்குப் பொறுமை கிடையாது என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது அவளும் தலையாட்டியவள்தான், ஆனால் கை கேட்க வேண்டுமே, வழக்கறிஞர் தேர்வில் போன தடவை கோட்டைவிட்டதே இதனால்தான், ஒருபக்கம் பார்த்தால் இப்படி, மறுபக்கம் பார்த்தால் அப்படி என்று இரண்டு கட்சிக்கும் வாதாடி, தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் வெற்றுத்தாள்... இன்றைய மாதிரிக் கேள்வியில் வாடகை வீட்டு மாடிப்படியின் கைப்பிடி ஆடுகிறது, வீட்டுக்காரருக்குத் தெரியும், குடியிருப்பவருக்கும் தெரியும், விழுந்தவரோ விருந்தாளி, யார் பொறுப்பு? வீட்டுக்காரர் என்று எழுதினாள், அடித்தாள், தெரிந்தும் வாயைத் திறக்காத குடித்தனக்காரர் மட்டும் யோக்கியமா... கட்டிலில் தங்கை தன் துணிகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள், மழையில் வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டிய புருஷனை விட்டு வந்தவள், இப்போது அவன் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறான்.

"அக்கா, நான் திரும்பிப் போகட்டுமா?"

தேர்வு விடை எழுதும் வரிசையிலேயே மனம் ஓடியது, பிரச்சினை என்ன, விதி என்ன, நடந்ததற்கு அது எப்படிப் பொருந்தும்... "மன்னிப்புக் கேட்டுட்டான், அது ஒண்ணு. ஆனா முன்னாடியும் கேட்டிருக்கான். நீயும் கோவத்துல ஏதோ சொல்லியிருப்ப, அதுக்காகக் கதவைப் பூட்டுறது நியாயமில்லதான்..."

"நான் என்ன உன் பேப்பரைத் திருத்தவா வந்தேன்? போகவா, வேணாமா?"

"உன் இஷ்டம்டி."

"நீ வக்கீலானா கட்சிக்காரன் கதி அதோகதிதான்" என்று சிரித்தாள் தங்கை, சிரிப்பு கண்வரை போகவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

உன் இஷ்டம், நல்ல பதில்தான், யாரையும் வற்புறுத்தாத பதில், நாளைக்கு யாரும் வந்து கேள்வி கேட்க முடியாத பதில்... கேள்வி கேட்க முடியாத? பேனா நின்றது. போகாதே என்ற சொல் தங்கை கேட்ட கணத்திலேயே நாக்கு நுனியில் இருந்ததே, அதை விழுங்கிவிட்டல்லவா மற்றதையெல்லாம் பேசினோம், போகாதே என்று சொல்லி, அவள் நின்று, அதனால் அவள் வாழ்க்கை கெட்டால், யார் சொன்னது என்று ஊர் கேட்குமே, அந்தப் பயமா, முடிவு எழுத வராதது சட்டம் சரியாகத் தெரியாததால் என்றல்லவா இத்தனை நாள் நினைத்தது...

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியதைப் பேருந்து நிறுத்தத்தில்தான் கவனித்தாள்.

"போகாதடி."

தங்கை ஏன் என்று கேட்கவில்லை. வந்த பேருந்தில் ஏறவும் இல்லை, பையைக் கீழே வைக்கவும் இல்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது சரியா, தெரியவில்லை... தப்பாகவே இருந்தாலும் இனி அதில் தனக்கும் பங்கு உண்டு, அது மட்டும் தெரிந்தது, அதை என்ன செய்வது என்றுதான்...